தினந்தோறும் வேதம் வாசிக்க எந்த முறை? கிருபையை அளவுகோலாக வைத்து ஓர் ஒப்பீடு

தினமும் வேதாகமம் வாசிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற ஒருவருக்கு முன்னால் குறைந்தது ஐந்து வழிகள் இருக்கின்றன. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை வரிசையாகப் படித்துக்கொண்டு போகலாம். நாளொன்றுக்கு நான்கு வெவ்வேறு இடங்களிலிருந்து வாசிக்கச் சொல்லும் அட்டவணையைப் பின்பற்றலாம். திருச்சபை நாட்காட்டி குறித்துத் தரும் பகுதிகளை எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒரு வசனம் என்று நிறுத்திக்கொள்ளலாம். ஒரே பகுதியில் ஒரு வாரமோ ஒரு மாதமோ தங்கியிருக்கலாம். இவற்றில் எதைத் தேர்வது என்று கேட்டால், ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் ஆகும், வருடத்துக்குள் எவ்வளவு முடியும் என்ற கணக்கை வைத்தே பலரும் பதில் சொல்லுகிறார்கள். அந்தக் கணக்கும் தேவையானதுதான். ஆனால் அதற்கு முன்பாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு என்பது என் உறுதியான எண்ணம்: ஒரு நாள் வாசிக்காமல் விட்டுப்போனால், மறுநாள் காலையில் அந்த முறை வாசகரை எந்த நிலையில் நிறுத்துகிறது?

இந்தக் கேள்வியை முதலில் வைப்பதற்குக் காரணம், வாசிக்கப்படுகிற நூலிலேயே இருக்கிறது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று எபேசியர் 2:8 சொல்லுகிறது. "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்" என்று ரோமர் 4:4 கூலியையும் ஈவையும் பிரித்து வைக்கிறது. இந்த வசனங்களை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த ஒருவரே, மூன்று நாள் வாசிப்பு விட்டுப்போனதும், சீட்டுத் தவணை தவறியவர் சீட்டு நடத்துகிறவரின் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவதுபோல, வேதாகமம் இருக்கும் மேசையைத் தவிர்த்து நடக்கத் தொடங்கிவிடுகிறார். வாசிப்பின் வழியாக அறிந்த கிருபையை வாசிப்பின் முறையே மறுக்கிற நிலை அது. ஆகவே ஒரு முறை எவ்வளவு பழமையானது, எத்தனை பேர் பின்பற்றுகிறார்கள் என்பவற்றைவிட, அது நிலுவைக் கணக்கு வைக்கிறதா இல்லையா என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்லிவிட்டு ஒப்பீட்டுக்குப் போகலாம். ஜான் வெஸ்லியும் அவருடைய நண்பர்களும் ஆக்ஸ்போர்டில் 1729 முதல் நேரம் வகுத்து ஜெபித்தார்கள், நேரம் வகுத்து வேதம் வாசித்தார்கள், உபவாசம் இருந்தார்கள், சிறைச்சாலைகளுக்குப் போய்க் கைதிகளைச் சந்தித்தார்கள். அந்த ஒழுங்கைக் கண்டே மற்ற மாணவர்கள் அவர்களுக்கு மெதடிஸ்டுகள் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அத்தனை ஒழுங்கிருந்தும், தன் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயம் வெஸ்லிக்கு வாய்க்கவில்லை. 1738 மே 24ஆம் தேதி மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அரைமனதோடு போனவர், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த நிச்சயத்தை அடைந்தார். அன்று அவர் வாசித்தவரல்லர், கேட்டவர். ஆனாலும் அதற்குப் பிறகு அவர் தினசரி வாசிப்பைக் கைவிட்டுவிடவில்லை; ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து ஆகியவை தேவன் கிருபையைத் தருவதற்கென்று ஏற்படுத்திய வழிகள் என்றும், அந்த வழிகளில் காத்திருக்க வேண்டும் என்றும், அவற்றைச் செய்துமுடித்ததனாலேயே ஒரு புண்ணியமும் சேர்ந்துவிடாது என்றும் பிரசங்கித்தார். எந்த முறையைத் தேர்ந்தாலும் இந்த இரண்டு பக்கத்தையும் கையில் வைத்துக்கொள்ளாவிட்டால், முறை எவ்வளவு நல்லதாயிருந்தும் பயனில்லை.

ஒப்பீடு காற்றில் மிதக்காமலிருக்க, லூக்கா 15ஆம் அதிகாரத்தை ஒரு குறியாக வைத்துக்கொள்ளுவோம். காணாமற்போன ஆடு, காணாமற்போன வெள்ளிக்காசு, இளைய குமாரனும் மூத்த குமாரனும் வரும் உவமை ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. கிருபை ஈவு என்பதை இயேசு கதையாகச் சொன்ன இடங்களில் இதற்கு இணையானது மத்தேயு 20இல் உள்ள திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமை ஒன்றுதான். ஒவ்வொரு முறையிலும் இந்த அதிகாரம் எப்போது, எந்தச் சூழலில் வாசகரின் கைக்கு வருகிறது என்று பார்த்தாலே முறைகளின் குணம் பாதி தெரிந்துவிடும்.

வரிசையாக வாசிப்பது

புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள் உள்ளன. வாரநாட்களில் தினமும் 3 அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை 5 அதிகாரம் என்று வாசித்தால் வாரத்துக்கு 23 அதிகாரம் ஆகி, ஒரு வருடத்தில் முழு வேதாகமமும் முடியும். நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கும் கணக்கு பெரும்பாலும் இதுதான். ஜனவரி 1ஆம் தேதி தொடங்கினால், அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் லேவியராகமம் ஆரம்பமாகும். எண்ணாகமம் முடியும்போது பிப்ரவரி பாதி கடந்திருக்கும். வரிசை வாசிப்பைத் தொடங்கியவர்கள் அதிகமாக நின்றுபோவதும் இந்த இடத்தில்தான். பலிகளின் விதிமுறைகள், குஷ்டரோகச் சட்டங்கள், கோத்திரங்களின் தொகை என்று பக்கங்கள் நகர மறுக்கின்றன. நம்முடைய குறியாகிய லூக்கா 15 அக்டோபர் கடைசி வாரத்தில்தான் வரும். பிப்ரவரியில் நின்றுபோகிறவர் அதை அந்த வருடம் காணவே மாட்டார்.

ஆயினும், இதுவரை ஒருமுறையாவது முழு வேதாகமத்தையும் வாசித்திராத ஒருவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான். கிருபை முதலில், கட்டளை பிறகு என்ற ஒழுங்கை வரிசையாக வாசிக்கிறவரைப்போல் வேறு யாரும் காண முடியாது. யாத்திராகமம் 14இல் இஸ்ரவேலர் சமுத்திரத்தைக் கடந்துவிடுகிறார்கள். 16இல் மன்னா விழுகிறது. பத்துக் கட்டளைகள் 20ஆம் அதிகாரத்தில்தான் வருகின்றன. அந்த அதிகாரமும் கட்டளையோடு தொடங்குவதில்லை. "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்றுதான் தொடங்குகிறது. கட்டளைகளைக் கைக்கொண்டதற்குச் சம்பளமாக விடுதலை கிடைக்கவில்லை. விடுதலை பெற்றவர்களுக்குக் கட்டளைகள் கொடுக்கப்பட்டன. கட்டளைகளை மட்டும் தனியே எடுத்துச் சுவரில் மாட்டுகிறவர்கள் இழப்பது இந்த வரிசையைத்தான்.

அலுப்பூட்டுவதாகச் சொல்லப்படும் லேவியராகமத்திலேயே அருமையான ஓரிடம் இருக்கிறது. ஐந்தாம் அதிகாரத்தில், பாவநிவாரணத்துக்கு ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவரச் சொன்ன பிறகு, அதற்குச் சக்தியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம் என்கிறது. அதற்கும் சக்தியில்லாதவன் எப்பா என்னும் தானிய அளவையில் பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவந்தால் போதும். அவனுடைய பாவமும் மன்னிக்கப்படும். ஆட்டுக்குட்டி கொண்டுவந்தவனுக்குக் கிடைக்கிற அதே மன்னிப்பு, மாவு மட்டும் கொண்டுவந்தவனுக்கும் கிடைக்கிறது. இன்னும் ஏழு அதிகாரம் தள்ளி, பிள்ளை பெற்ற தாயின் சுத்திகரிப்புக்கும் ஏழைகளுக்கென்று இதேபோன்ற சலுகை சொல்லப்படுகிறது. பல மாதங்கள் கழித்து லூக்கா 2:24ஐ வாசிக்கையில், மரியாளும் யோசேப்பும் ஒரு ஜோடு காட்டுப்புறாவையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது பலியாகச் செலுத்த எருசலேமுக்குப் போனார்கள் என்ற வரி வரும்போது, ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாத வீட்டில் இயேசு பிறந்தார் என்பது விளக்கவுரை எதுவும் இல்லாமலே விளங்கும். துண்டு துண்டாக வாசிக்கிறவருக்கு இது எளிதில் வாய்க்காது.

ஆகவே இந்த முறையில் கெடுதல் செய்வது வரிசை அல்ல, தேதிதான். அதிகாரங்களின் பக்கத்தில் தேதி அச்சிட்ட தாளை ஒதுக்கிவிட்டு, நேற்று நின்ற இடத்தில் ஒரு அடையாள நாடாவை வைத்துக்கொண்டு போனால், நிலுவை என்ற ஒன்றே உருவாவதில்லை. நாளைக்கு ஒரே அதிகாரம் என்றால் முழு வேதாகமமும் முடிய மூன்றேகால் வருடம் ஆகும். அதனால் எந்த நஷ்டமும் இல்லை. வேதத்தில் எங்கும் வருடத்துக்கு ஒருமுறை முடிக்க வேண்டும் என்ற கட்டளை கிடையாது.

நான்கு இடங்களிலிருந்து வாசிக்கும் அட்டவணை

ராபர்ட் மரே மெக்செயின் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் புனித பேதுரு ஆலயத்தின் போதகராயிருந்தவர். 1842ஆம் வருடக் கடைசியில், வரப்போகும் வருடத்துக்கென்று தம் சபையாருக்கு ஓர் அட்டவணை தயாரித்துக் கொடுத்தார். நாளொன்றுக்கு நான்கு அதிகாரங்கள்: இரண்டு குடும்ப ஜெபத்துக்கு, இரண்டு தனித் தியானத்துக்கு. இதன்படி ஒரு வருடத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறையும் முடியும். ஜனவரி 1ஆம் தேதிக்குரிய பகுதிகள் ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. உலகத்தின் தொடக்கம், கிறிஸ்துவின் வம்சவரலாறு, சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் தொடக்கம், திருச்சபையின் தொடக்கம் என்று நான்கு தொடக்கங்கள் ஒரே நாளில் கையில் விழுகின்றன.

லூக்கா 15 இந்த அட்டவணையில் மார்ச் 1ஆம் தேதியே வந்துவிடுகிறது; அன்றைக்கே இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்படும் யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியும், சாம்பலில் உட்கார்ந்து புலம்பும் யோபு 30ஆம் அதிகாரமும் கூட வருகின்றன. இப்படிப்பட்ட சேர்க்கைகளில் வெளிச்சம் உண்டு. ஆனால் விலையும் உண்டு. நிதானமாக வாசித்தால் ஓர் அதிகாரத்துக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் வாசிப்புக்கு மட்டுமே 20 நிமிடம் வேண்டும். நீண்ட அதிகாரங்கள் வரும் நாளில் இன்னும் கூடும். இரண்டு நாள் விட்டால் எட்டு அதிகாரம் நிலுவை. மூன்றாம் நாளில் பன்னிரண்டு. கண் வரிகளின் மேல் ஓடும். உள்ளே ஒன்றும் இறங்காது.

இதை மெக்செயினே முன்கூட்டி உணர்ந்திருந்தார் என்பதுதான் என்னை மிகவும் தொட்ட செய்தி. அட்டவணையோடு சேர்த்துக் கொடுத்த முன்னுரையில், அதன் நன்மைகளைச் சொல்லுவதற்கு முன்பே ஆபத்துகளை எழுதினார்: வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம், குறித்த பகுதியை முடித்தோம் என்ற திருப்தி சுயநீதியாக மாறலாம், அளவை முடிக்கும் அவசரத்தில் அக்கறையில்லாமல் வாசிக்க நேரலாம், சிலருக்கு இது சுமக்கமாட்டாத நுகமாகலாம். அப்படி நுகமாகத் தோன்றினால் அந்த விலங்கைத் தூக்கியெறிந்துவிட்டு, தேவனுடைய தோட்டத்தில் தாராளமாக மேயலாம் என்ற கருத்தில் தம் மக்களுக்கு அனுமதி கொடுத்தார். அட்டவணைக்குரிய அந்த 1843ஆம் வருடம் மார்ச் 25ஆம் தேதி, 29 வயதில், அவர் காய்ச்சலில் மரித்தார். தாம் வகுத்த அட்டவணையின் முதல் காலாண்டைக்கூட அவர் முடிக்கவில்லை. அட்டவணை மட்டும் 180 வருடங்களுக்கு மேலாக உலகமெங்கும் அச்சாகி வருகிறது. அதை அச்சிட்டுக் கொடுக்கிறவர்கள் ஆபத்துகளைச் சொல்லும் அந்தப் பகுதியையும் சேர்த்து அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

காலையிலும் மாலையிலும் ஓய்வுள்ள ஒருவருக்கு, குறிப்பாகப் பணி ஓய்வு பெற்றவருக்கு, ஏற்கெனவே வேதாகமத்தில் பழக்கமுள்ளவருக்கு இந்த அட்டவணை செழிப்பானது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஏழரை மணிப் பேருந்தைப் பிடிக்கிற தாய்க்கு இதைப் பரிந்துரைப்பது இரக்கமற்ற செயல். இதே அட்டவணையை இரண்டு வருடத்துக்கு நீட்டி, நாளைக்கு இரண்டு பகுதி என்று வைத்துக்கொள்ளுகிறவர்களும் உண்டு, அது மேலானது.

திருச்சபை நாட்காட்டியின் பகுதிகள்

கத்தோலிக்கத் திருச்சபை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969இல் வெளியிட்ட வாசகத் தொகுப்பில், ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுற்றிலும் வாரநாள் வாசகங்கள் இரண்டு வருடச் சுற்றிலும் அமைந்துள்ளன. அதைத் தழுவிப் பல புராட்டஸ்டண்டு சபைகள் சேர்ந்து அமைத்த பொது வாசக அட்டவணை 1992இல் வந்தது. தென்னிந்தியத் திருச்சபை ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஒரு பொருளைக் குறித்து, அதற்கேற்ற பகுதிகளைத் தன் நாட்காட்டியில் தருகிறது.

நிலுவைக் கேள்விக்கு இந்த முறை தரும் பதில்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. செவ்வாய்க்கிழமைக்குரிய பகுதியை விட்டுவிட்டவர் புதன்கிழமை எழுந்ததும் புதன்கிழமைக்குரியதை வாசிக்கிறார். செவ்வாயின் பகுதி சபையால் வாசிக்கப்பட்டாயிற்று. தான் வாசிக்காத நாளிலும் தனக்காகவும் சேர்த்து யாரோ வாசித்திருக்கிறார்கள் என்பது கிருபைக்கு மிக நெருக்கமான ஓர் அனுபவம். பகுதியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் வாசகரிடம் இல்லை. அவருக்குப் பிடித்த சங்கீதங்களையே சுற்றிச்சுற்றி வாசிக்க நாட்காட்டி விடுவதில்லை. லூக்கா 15இன் குமாரர் உவமை, கத்தோலிக்க வாசகங்களிலும் 1992ஆம் வருட அட்டவணையிலும், லூக்காவுக்குரிய மூன்றாம் வருடத்தில் தவக்காலத்து நான்காம் ஞாயிறன்று வருகிறது. தங்களைச் சோதித்துப்பார்க்கிற காலத்தின் நடுவில் தகப்பன் ஓடிவரும் காட்சியை வைத்த கைகளுக்கு நான் நன்றி சொல்லுகிறேன்.

குறை என்னவென்றால், நாட்காட்டி பொறுக்கியெடுத்துத் தருகிறது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஞாயிறு வாசகங்களில் வருவதேயில்லை. மேலே சொன்ன ஏழையின் மாவு, நாட்காட்டியை மட்டும் நம்பியிருக்கிறவருக்குத் தென்படாமலே போகலாம்.

நாளுக்கு ஒரு வசனம்

ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் குடியேறிய மொரேவிய விசுவாசிகளுக்கு, 1728 மே 3ஆம் தேதி, சின்சென்டோர்ஃப் பிரபு மறுநாளுக்கென்று ஒரு வசனத்தைக் கொடுத்தார். அந்த வழக்கம் 1731 முதல் ஆண்டுதோறும் அச்சிட்ட நூலாக வருகிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டுப்போட்டு எடுக்கப்படுகிறது. அதற்கு இசைவான ஒரு புதிய ஏற்பாட்டு வசனத்தைப் பிறகு தேடிச் சேர்க்கிறார்கள். நம் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, தட்டில் அடுக்கிய வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுக்கும் வழக்கமும், காலையில் கைப்பேசிக்கு வந்துசேரும் வசனமும் குணத்தால் இதற்கு உறவானவை.

நாம் தேர்ந்தெடுக்காத ஒரு வார்த்தை நம்மைத் தேடி வருகிறது என்பதில் ஈவின் சாயல் நிச்சயமாக உண்டு. ஆனால் வசனம் தன் இடத்தைவிட்டுப் பெயர்ந்து வருகிறது. அட்டைகளில் அடிக்கடி காணப்படும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுவோம்: "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு வரி இது. இதற்கு முந்தின வசனம், திரும்பிவர எழுபது வருடம் ஆகும் என்கிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்நிய மண்ணிலேயே மரித்திருப்பார்கள். அவர்களுக்கும் அந்த வாக்கு மெய்யாயிருந்தது என்பதில்தான் அதன் ஆழம் இருக்கிறது. அட்டையில் அந்த ஆழத்துக்கு இடமில்லை. அதேபோல், "என் குமாரனாகிய இவன் மரித்தான், திரும்பவும் உயிர்த்தான்" என்ற வரி மட்டும் ஒரு நாள் வசனமாக வந்தால், வெளியே கோபத்தோடு நின்றுவிட்ட மூத்த குமாரன் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறான்.

ஆகவே ஒரு வசனத்தைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அதுவே முழு உணவாக இருக்கக்கூடாது. வருகிற வசனத்தை வேதாகமத்தில் திறந்து, அது இருக்கும் அதிகாரத்தை வாசிக்கிறவருக்கு இது நல்ல வாசல். தொடர்ந்து எத்தனை நாள் திறந்தோம் என்று எண்ணிக் காட்டி, ஒரு நாள் தவறினால் பூச்சியத்துக்குத் திரும்பும் கைப்பேசிச் செயலிகளைப் பொறுத்தவரை, அந்த எண்ணிக்கை அறிவிப்பை நிறுத்திவிடுவது நல்லது. "வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன்" என்று தேவாலயத்தில் நின்று கணக்கு ஒப்புவித்தவரின் ஜெபம் லூக்கா 18இல் எப்படி முடிந்தது என்பது நமக்குத் தெரியும். விட்டுப்போன நாட்களுக்கேற்பத் தேதிகளை முன்னகர்த்தித் தரும் வசதி சில செயலிகளில் உண்டு. அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

ஒரே பகுதியில் தங்குவது

நாசி ஆட்சியை எதிர்த்த ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1935 முதல் 1937 வரை ஃபிங்கென்வால்டே என்னும் இடத்தில் போதகர் பயிற்சிப்பள்ளி ஒன்றை நடத்தினார். அங்கே மாணவர்கள் ஒவ்வொரு காலையிலும் அரைமணி நேரம் ஒரு சிறு பகுதியைத் தியானிக்க வேண்டும்; வாரம் முழுவதும் அதே பகுதி. பிரசங்கத்துக்குக் குறிப்பெடுப்பதற்காக அல்ல, அந்த வார்த்தை தனக்கு என்ன சொல்லுகிறது என்று கேட்பதற்காகவே அந்த நேரம். முதலில் பலருக்கு இது கடினமாயிருந்தது.

லூக்கா 15இல் ஒரு வாரம் தங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன். தூரதேசத்தில் பன்றிகளின் நடுவே உட்கார்ந்து இளைய குமாரன் ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். 18, 19ஆம் வசனங்களில் அந்தப் பேச்சு முழுமையாக இருக்கிறது: தகப்பனே, பாவஞ்செய்தேன், உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்ற கருத்தோடு அது முடிகிறது. வீட்டுக்கு வந்தபின், 21ஆம் வசனத்தில், அதே பேச்சைச் சொல்லத் தொடங்குகிறான். பாத்திரன் அல்ல என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்ற வேண்டுகோள் அங்கே இல்லை. அடுத்த வசனத்தில் தகப்பன் ஊழியக்காரரை நோக்கி, உயர்ந்த வஸ்திரத்தையும் மோதிரத்தையும் பாதரட்சைகளையும் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சம்பளத்துக்கு வேலை செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்று மகன் போட்டுவந்த திட்டத்துக்கு வீட்டில் இடமே தரப்படவில்லை. முதல் நாளில் இது தென்படாது. நான்காம் நாள் வாசிக்கும்போது, அந்த வரி எங்கே போயிற்று என்று கண் தேடும். ஆறாம் நாளில், "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று மூத்தவன் பேசும் வரி வேறு விதமாகக் காதில் விழும். வீட்டைவிட்டு ஒருநாளும் போகாத அவனும் தன்னைக் கூலிக்காரனாகவே எண்ணியிருந்திருக்கிறான். வருடக்கணக்காக ஒருநாள் தவறாமல் வேதம் வாசிக்கிற ஒருவர் தன்னை எங்கே காண வேண்டும் என்பதை அந்த வரி அவருக்குத் தனியாகச் சொல்லும்.

விட்டுப்போன நாளும் இந்த முறையில் பெரிய தொல்லை தருவதில்லை. பகுதி அங்கேயே இருக்கிறது. ஆபத்து வேறொரு பக்கத்தில் இருக்கிறது. தங்கும் பகுதியை வாசகரே தேர்ந்தெடுப்பதால், ஆறுதலான இடங்களை மட்டுமே அவர் தேர்ந்துகொண்டே போகக்கூடும். முழு வேதாகமத்தின் ஓட்டம் தெரியாதவர் ஒரு வரியில் தன் விருப்பத்தை ஏற்றிப் படித்துவிடவும் கூடும். எனவே முழு வேதாகமத்தையும் ஒருமுறையேனும் கடந்துவந்தவர்களுக்கே இதை முதன்மையான முறையாகச் சொல்லுவேன்.

போன்ஹோஃபரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கிருபை இலவசம் என்பதைச் சாக்காக வைத்து எதற்கும் கட்டுப்படாமல் வாழ்வதை, மலிவான கிருபை என்று பெயரிட்டு 1937இல் அவர் கண்டித்தார். விட்டுப்போன நாள் கடனல்ல என்று நான் எழுதுவதை, எல்லா நாளும் விட்டுப்போகலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. 1939 ஜூனில் அவர் நியூயார்க்கில் பாதுகாப்பாக இருந்தார்; ஜெர்மனிக்குத் திரும்பிவிடுவதென்று முடிவெடுத்திருந்த அந்த நாட்களில், ஜூன் 26ஆம் தேதி, 2 தீமோத்தேயு 4:21ஐ வாசிக்க நேர்ந்ததை நாட்குறிப்பில் எழுதினார்: மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேர ஜாக்கிரதைப்படு என்று பவுல் எழுதிய வரி அது. அந்த அழைப்பு தன்னை விடாமல் தொடர்ந்ததாக அவர் உணர்ந்தார். ஜூலையில் ஊர் திரும்பினார். 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃப்ளோசன்பியுர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். தினமும் வேதத்தைத் திறந்து வைத்திருந்த ஒருவரிடம்தான் அந்த வரி வந்துசேர முடிந்தது.

தேர்வு

என் பரிந்துரை ஆளுக்கேற்ப மாறும். முழு வேதாகமத்தையும் இதுவரை வாசித்திராதவர் தேதியில்லாமல் வரிசையாக வாசிக்கட்டும். பழைய ஏற்பாட்டில் ஓர் அதிகாரமும் சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதியும் என்று சேர்த்துக்கொண்டால், பிப்ரவரி மாதத்து லேவியராகமத்திலும் லூக்கா கூடவே வருவார். பலமுறை வாசித்து, இப்போது கடனே என்று பக்கம் புரட்டுகிறவர் வருடக் கணக்கை நிறுத்திவிட்டு, கலாத்தியரிலோ லூக்கா 15இலோ ஒரு மாதம் தங்கட்டும். வாழ்க்கை நெருக்கடியில் இருக்கிறவர், கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கிறவர், நோயாளியின் கட்டிலருகே இருக்கிறவர், நாட்காட்டியிடம் தன்னை ஒப்படைத்துவிடட்டும். முடிந்த நாளில் அன்றைய பகுதி, முடியாத நாளில் சபையின் வாசிப்பே போதும். நான்கு அதிகார அட்டவணை நேரமும் பழக்கமும் உள்ள சிலருக்கே பொருந்தும். ஒற்றை வசனம் எல்லாருக்கும் துணையாக இருக்கலாம்.

யாத்திராகமம் 16இல் மன்னாவை அன்றன்று பொறுக்கினார்கள். மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீந்ததும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைந்ததும் இல்லை. மறுநாளுக்கென்று மீதம் வைத்ததில் புழு பிடித்தது. நேற்றுப் பொறுக்காததை இன்று சேர்த்துப் பொறுக்கச் சொல்லி மோசே யாரையும் கேட்டதாக அந்த அதிகாரத்தில் இல்லை. தேதி அச்சிட்ட அட்டவணையில் பின்தங்கிப்போனவர் விட்டுப்போன அதிகாரங்களையெல்லாம் ஒரே இரவில் ஓடி முடிக்க முயலாமல், இன்றைய தேதிக்குரிய பக்கத்தைத் திறப்பதற்கு அந்த அதிகாரமே போதுமான அனுமதி.

எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் கண் மங்கியவர்களும் இந்த ஒப்பீட்டுக்கு வெளியே நின்றுவிடக்கூடாது. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ் புதிய ஏற்பாடு 1714-15இல் அச்சேறுவதற்கு முன்பு, தமிழ் விசுவாசி ஒருவர் தன் வீட்டில் அச்சிட்ட சுவிசேஷத்தைத் திறந்து வாசிக்க வழியில்லை. அச்சு வருவதற்கு முன்பு உலகத்தின் எந்த மூலையிலும் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் வேதத்தைக் காதால் கேட்டவர்களே. அவர்களுக்குக் கிருபை ஒரு துளியும் குறைந்ததில்லை. வீட்டில் பாட்டிக்கு வாசித்துக் காட்ட ஒரு பேரப்பிள்ளை இருந்தால், மேலே சொன்ன ஐந்தில் எந்த முறையையும் இருவருமாகப் பின்பற்றலாம். அதற்கு மிகப் பொருத்தமானது வரிசையாக வாசிப்பதே, ஏனென்றால் நேற்று எங்கே நிறுத்தினோம் என்பது கேட்கிறவருக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால், ஒலிவடிவ வேதாகமத்தில் ஒரு சுவிசேஷத்தைத் தேர்ந்து வைத்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் நின்ற இடத்திலிருந்து தொடரும் என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் போகலாம்.